சேவலா, பெட்டையா?



முட்டை விற்றுக் கிடைக்கும் காசு சிறியதுதான். ஆனாலும் பல வீடுகளில் பிள்ளைகளின் நோட்டுக்கும் பேனாவுக்கும் அதுதான் கைகொடுக்கிறது. அதனால் குஞ்சு வாங்கும்போது ஏமாறக் கூடாது.

நம் நாமக்கல் பகுதி முட்டைப் பண்ணைகளுக்குப் பெட்டைக் குஞ்சு மட்டுமே வேண்டும். பொரித்த உடனேயே சேவல் குஞ்சுகளைப் பிரித்துவிடுகிறார்கள். தெருவில் சாயம் பூசி மலிவாக விற்கும் குஞ்சுகளில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். எத்தனை மாதம் தீனி போட்டாலும் சேவல் முட்டையிடாது.

பொரிப்பகங்களில் சில இனங்களுக்கு இறக்கையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நாட்டுக்கோழிக்கு அதை நம்ப முடியாது. கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பதும் வெறும் பேச்சு.

ஆகவே கணவரை இழந்த சகோதரிகளுக்குக் கோழி வாங்கும்போது, இரண்டு மூன்று மாதம் வளர்ந்ததாகப் பார்த்தே வாங்குகிறோம். ஒரே வயதுக் குஞ்சுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். சேவலுக்குக் கொண்டை முந்திச் சிவக்கும், கால் தடிக்கும். அசில் கோழிக்குக் கொண்டையே சிறியது. அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால் முதுகு இறகைப் பாருங்கள். நீண்டு கூராகப் பளபளத்தால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பெட்டை.

சாப்பிடும் முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்சத்தை விற்கலாம். விற்கும்போது சேவலைச் சேவல் என்றே சொல்லி விற்போம். வாங்குகிறவரும் நம்மைப் போல முட்டையை நம்பி வருகிறவர்தானே!