அசைவாடுதல்: ஓர் அரிய எபிரேய வினையும் தமிழும்



ஒரு நூலில் நூறு முறை வரும் சொல்லின் பொருளை அதன் சூழல்களே சொல்லிவிடும். மூன்றே முறை வரும் சொல்லுக்கு அவ்வுதவி இல்லை. அது வரும் இடங்களை அருகருகே வைத்து நோக்க வேண்டும். அத்தகைய அரிய சொற்களுள் ஒன்று எபிரேய மொழியின் ‘ராஹஃப்’ என்னும் வினை. பழைய ஏற்பாடு முழுவதிலும் அது மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது.

முதலிடம் ஆதியாகமத்தின் தொடக்கம். உலகு உருப்பெறாமல் இருளும் ஆழமுமாய்க் கிடக்கையில், இறைவனின் ஆவி நீரின்மேல் நிகழ்த்தும் செயலை இவ்வினை குறிக்கிறது. இரண்டாமிடம் உபாகமத்தின் 32ஆம் அதிகாரம். அங்கே கழுகு தன் குஞ்சுகளின்மேல் இதே செயலைச் செய்கிறது. மூன்றாமிடம் எரேமியாவின் 23ஆம் அதிகாரம். பொய்த் தீர்க்கதரிசிகளைக் கண்டு உள்ளம் உடைந்த எரேமியாவின் எலும்புகள் நடுங்குவதை அங்கே இவ்வினை உணர்த்துகிறது. நீரின்மேல் ஆவி, குஞ்சின்மேல் கழுகு, உடலுக்குள் எலும்பு. மூன்றிற்கும் பொதுவாய் நிற்பது அதிர்வு.

‘ரூவாஹ்’ என்னும் எபிரேயச் சொல்லுக்குக் காற்று, மூச்சு, ஆவி என மூன்று பொருளும் உண்டு. ஆதலின், தொடக்கத்தில் நீரின்மேல் வீசியது பெருங்காற்றே எனக் கொள்ளும் அறிஞரும் உளர். அவ்வாறு கொண்டால் உலகம் ஒரு புயலில் தொடங்குகிறது. ஆயின், மற்ற இரண்டு இடங்களில் எதிலும் இவ்வினைக்குக் காற்று எழுவாயாக வரவில்லை. உபாகமத்தின் கழுகை அருகில் வைத்தால் உலகம் ஒரு சிறகின் நிழலில் தொடங்குகிறது. ஒரு வினைச்சொல்லின் பொருளைப் பொறுத்து, படைப்பின் முதற்காட்சி சீற்றமாகவோ பரிவாகவோ மாறிவிடுகிறது.

சிறகு என்றாலே பரிவு என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. சிரியா நாட்டு ராஸ் ஷம்ராவில் 1929 முதல் அகழ்ந்தெடுக்கப்பெற்ற உகாரித் களிமண் ஏடுகளில் அக்ஹாத் என்னும் இளைஞனின் கதை உண்டு. அவனைக் கொல்லும் பொருட்டு அவன் தலைக்குமேல் பறவைகள் வட்டமிடுகையில், எபிரேயத்திற்கு உறவான அம்மொழியிலும் இதே வினைவேர் வருகிறது. பருந்தும் வட்டமிடும், தாய்க்கோழியும் சிறகு விரிக்கும். கீழே இருப்பதைக் கவர்வதற்கா, வளர்ப்பதற்கா என்பதே வேறுபாடு. ஆற்றல் ஒன்றே, அதற்கு அறம் தருவது நோக்கம்.

இச்சொல்லின் நுட்பத்தைப் பழைய உரையாளர் பலவாறு உணர்ந்தனர். புறா தன் குஞ்சுகளின்மேல் தொட்டும் தொடாமலும் நிற்பதைப் போன்றது என்னும் விளக்கத்தை யூதரின் தல்மூது பென் சோமாவின் பெயரால் கூறுகிறது. நான்காம் நூற்றாண்டின் பசிலியார், முட்டைகளுக்கு வெம்மையூட்டி உயிர் தரும் பறவையின் செயல் இது எனச் சிரியர் ஒருவர் கூறிய பொருளை எடுத்தாள்கிறார்.

தமிழர்க்கு இவ்விளக்கம் அயலானதன்று. மீன் பார்த்தும், ஆமை நினைந்தும், பறவை தொட்டும் தம் முட்டைகளைப் பொரிக்கும் என்று கூறி, நயன தீக்கை, மானச தீக்கை, பரிச தீக்கை ஆகியவற்றைச் சைவ மரபு விளக்கும். உயிரின் பக்குவத்தை வெளியிலிருந்து வெட்டிச் செதுக்க இயலாது. அருகிருந்து வெம்மை தந்தால் அது உள்ளிருந்தே விளையும். இவ்வுண்மையை இரு மரபுகளும் பறவையிடமே கற்றன.

சேரப்பணஞ்சேரிக்குத் தெற்கே, மதுராந்தகம் வட்டத்தின் வேடந்தாங்கலில் இக்காட்சியைக் கண்ணாரக் காணலாம். ஏரிநீரில் நிற்கும் மரங்களில் கூடமைத்து, நீருக்குமேல் பறவைகள் அடைகாக்கின்றன. உச்சிவெயிலில் நாரைகள் குஞ்சுகளின்மேல் சிறகு விரித்து அசையாது நிற்கும். வெம்மை தருவது மட்டுமன்று, வெம்மையைத் தடுப்பதும் சிறகின் பணியே.

இனித் தமிழாக்கத்தைக் காண்போம். 1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய தமிழ் விவிலியம் இவ்வினைக்கு ‘அசைவாடு’ என்னும் சொல்லை ஆள்கிறது. ஊசலாடு, நீராடு என்பன போல ‘ஆடு’ சேர்ந்து அமைந்த சொல் இது. ஒருமுறை அசைந்து ஓய்வதை அன்றி, இடைவிடாத மெல்லசைவைச் சுட்டுவது. ஆதியாகமத்தின் ஆவிக்கும் உபாகமத்தின் கழுகுக்கும் அதே சொல்லை ஆண்டது போற்றத்தக்கது. மூலத்தில் ஒன்றையொன்று அழைக்கும் இரு இடங்கள் தமிழிலும் ஒன்றையொன்று அழைக்கின்றன. எரேமியாவின் எலும்புகளோ தமிழில் அதிர்கின்றன. அங்கே அத்தொடர்பு அறுந்துவிடுகிறது.

பால் பற்றியும் ஒரு குறிப்பு. மூலத்தில் ஆவியின் செயலைக் குறிக்கும் ‘மெராஹெஃபெத்’ என்னும் வடிவம் பெண்பால். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ஆவியை அஃறிணையாக்கி முடிக்கிறது. பழைய மொழிபெயர்ப்பு ‘ஆர்’ ஈறு தந்து உயர்த்துகிறது. பெண்பால் வெளிப்படையாக இரண்டிலும் இல்லை. ஆயினும் ‘தந்தையார் வந்தார்’ என்பதைப் போலவே ‘தாயார் வந்தார்’ என்றும் தமிழ் கூறும். அந்த ‘ஆர்’ ஈற்றுக்குள் தாய்மைக்கும் இடம் உண்டு.

ஆன்மிகம் என்பது உலகைவிட்டு மேலே பறந்து போவது எனக் கருதுவோர் பலர். இவ்வினை காட்டுவது வேறு. உருப்பெறாத ஒன்றை விட்டு அகலாமலும், அதை அமுக்கிவிடாமலும், உயிர் அசையும்வரை அருகில் நிற்கும் பொறுமையே அது. ஒரகடம் சாலையின் ஆலைகளில் இரவுப் பணி முடித்து வரும் மகளுக்காக விழித்திருந்து, அவள் உறங்கியபின் ஓசைபடாமல் கதவைச் சாத்தும் தாய்மார் இச்சொல்லை எபிரேயம் கல்லாமலே அறிவர்.

கவிஞர்க்கு உரியது மூன்றாம் இடம். அங்கே எரேமியாவை நடுங்கச் செய்தது வாளோ பஞ்சமோ அன்று. தம் மனத்தில் தோன்றியதையெல்லாம் இறைவாக்கு என்று கூறியோரின் பொய்ச்சொல். புனிதமான சொற்களின்முன் அவர் எலும்புகள் நடுங்கின. பொய்யர்க்கோ அந்நடுக்கம் இல்லை. எழுதப்படாத தாளும் ஒருவகையில் இருண்ட நீரே. அதன்மேல் பருந்தாய் வட்டமிட்டுச் சொல்லைக் கவ்விச் செல்வோர் உண்டு. பறவையாய் அடைகாத்துச் சொல் தானே ஓடுடைக்கும்வரை காத்திருப்போரும் உண்டு. பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் கவிஞர்கள் இரண்டாம் வகையினராய்த் திகழ்க.