மழைக்கு முன்பே மதகு திறக்கும் குளம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்று ஓர் ஊர். கூரையிலும் தெருவிலும் விழும் மழைநீர் நேரே ஹ்யூரான் ஆற்றுக்குப் பாய்ந்துவிடாமலிருக்க, அங்கே ஆங்காங்கே குளங்கள் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட குளங்களில் ஒரு சங்கடம் உண்டு. நீர் வெளியேறும் துவாரம் எப்போதும் ஒரே அளவுதான். தூறலா, பெருமழையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நேற்றைய மழையில் குளம் பாதி நிரம்பியிருந்தால், இன்றைய மழைக்குப் பாதி இடம்தான் மிச்சம்.

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்கோ கெர்கெஸின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. ஒலி அலையால் நீர்மட்டம் அளக்கும் கருவி, சூரிய ஒளியில் இயங்கும் பேட்டரி, செல்போன் வழியே தகவல், தொலைவிலிருந்தே திறந்து மூடும் வால்வு. பெரிய செலவு பிடிக்கும் சாமான்கள் அல்ல.

மழை வரும் என்று வானிலைக் கணிப்பு சொன்னால், முன்கூட்டியே தண்ணீரைக் கொஞ்சம் வெளியே விடலாம். மழை பெய்யும்போது வால்வை மூடி நீரைத் தேக்கலாம். முக்கியமானது அடுத்த கட்டம்தான். தேங்கிய நீர் ஓரிரு நாள் அசையாமல் நின்றால் வண்டல் அடியில் படிந்துவிடும். பாசி வளரக் காரணமான பாஸ்பரஸில் பெரும்பகுதி அந்த வண்டலோடு ஒட்டிக்கொண்டிருப்பது. பிறகு மெதுவாகத் திறந்தால் ஓடைக்கரையும் அரிக்காது.

இதில் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, துவாரத்தில் அடைத்துக்கொண்ட சருகையும் குப்பையையும் எந்தக் கருவியும் அள்ளாது. அதற்கு ஆள்தான் இறங்க வேண்டும். இன்னொன்று, இந்தக் கருவிகளின் வடிவமைப்பையும் மென்பொருளையும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் குழுவே பொதுவில் வைத்திருக்கிறது.