நிறம் ஓரிடம், உருவம் ஓரிடம்



நம் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முத்து எவ்வளவு உருண்டை, என்ன நிறம் என்று பார்த்துத்தான் வியாபாரிகள் விலை சொல்வார்கள். ஒரே பார்வையில் இரண்டும் தெரிவதுபோல் இருக்கும். மூளைக்குள் அவை தனித்தனி வேலை.

கண் அனுப்பும் செய்தி முதலில் மூளையின் பின்பக்கம் போகிறது. அங்கிருந்து பிரிந்து நிறத்தை ஒரு பகுதியும், உருவம், முகம், எழுத்து ஆகியவற்றை அருகிலுள்ள வேறு பகுதிகளும் கவனிக்கின்றன. சிலருக்குக் கறுப்பு மையில் அச்சிட்ட எண்கூட ஒரு நிறத்தோடு தெரியும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், எட்வர்ட் ஹப்பார்டுடன் சேர்ந்து 2001-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: எண்ணை அறியும் பகுதியும் நிறப் பகுதியும் பக்கத்து வீடுகள், நடுவே இணைப்பு கூடுதலாக இருக்கலாம்.

இது நமக்கு எதற்கு? பக்கவாதம் இந்தப் பகுதிகளைத் தாக்கினால் கை கால் நன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் திடீரென நிறங்கள் சாம்பலாகலாம். பழகிய முகம் அடையாளம் தெரியாமல் போகலாம். ஒரு பக்கப் பார்வை மறையலாம். மெல்ல மெல்ல மங்கினால் கண்புரையாக இருக்கலாம். திடீரென்று என்றால், "கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும், நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரமே அவகாசம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். வாசல் காவலரிடமும் சொல்லிவிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்போது கேட் திறந்திருக்கட்டும், லிஃப்ட் கீழே நிற்கட்டும்.