சுண்ணாம்புச் சீமையில் ஊதா விளக்கு

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துப் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் கிடந்தது. அது விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இந்தப் பக்கம் சிமென்ட் ஆலைகளைக் கொண்டுவந்தது. தண்ணீரைக் கடினமாக்குவதும் அதுவே. வீட்டுச் சுவரில் மாட்டிய, தண்ணீரைச் சுத்தம் செய்யும் யு.வி. பெட்டியையும் அது விடுவதில்லை.

பெட்டிக்குள் இருப்பது பாதரச ஆவி நிரப்பிய ஒரு குழல் விளக்கு. அதிலிருந்து 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதாக் கதிர், அதாவது யு.வி., வருகிறது. அதைக் கிருமியின் டி.என்.ஏ. உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதும், அங்கே அடுத்தடுத்து இருக்கும் தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிறகு டி.என்.ஏ.வைப் படியெடுக்க முடியாது, கிருமி பெருகாது. பெருக முடியாத கிருமி வயிற்றுக்குள் போனாலும் நோய் வராது.

எல்லாம் கதிர் பட்டால்தான். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறைமேல் சுண்ணாம்பு ஏறிவிட்டால் கதிர் தண்ணீரை எட்டாது. கலங்கல் நீரில் துகளின் மறைவில் கிருமி தப்பிவிடும். விளக்கு நீலமாக எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். கிருமியை முடக்கும் கதிர் கண்ணுக்கே தெரியாது. விளக்கு பழசானால் நீலம் இருக்கும், வீரியம் இருக்காது. ஆகவே உறையை அவ்வப்போது துடைக்க வேண்டும், விளக்கைச் சுமார் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உப்பை இந்தக் கதிர் தொடாது, அதற்கு ஆர்.ஓ. வேண்டும். குளோரின் போலத் தண்ணீரில் தங்கிக் காவல் காப்பதும் இல்லை. பிடித்த குடம் அழுக்காக இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

உறையில் சுண்ணாம்பு ஏறும் தொல்லைக்கு ஒரு வழியும் உண்டு. 1992-இல் சென்னையில் ஒரு புதுவகைக் காலரா தலைகாட்டி, மறு ஆண்டு வங்கத்தில் பரவியது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் இருந்த மும்பைக்காரர் அசோக் காட்கில், அதைக் கேள்விப்பட்டு ஏழை ஊர்களுக்கான யு.வி. கருவி ஒன்றை வடிவமைத்தார். விளக்கைத் தண்ணீரில் அமிழ்த்தாமல் மேலே தொங்கவிட்டு, கீழே தட்டில் தண்ணீரை ஓடவிட்டார். நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர். நனையாத விளக்கில் சுண்ணாம்பு எப்படிப் படியும்? அவர் நினைத்தது வங்கத்தை. எனக்கோ நம்ம அரியலூருக்கென்றே செய்தது போலப் படுகிறது.

அடுத்து, ஆபத்து. மூடிய பெட்டியிலிருந்து கதிர் வெளியே கசியாது, பயமில்லை. திறந்த விளக்குதான் வினை. பார்த்த உடனே எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும், தோல் சிவந்து எரியும். 2020-இல் கொரோனாவுக்குப் பயந்து கையடக்க யு.வி. விளக்குகளைப் பலர் வாங்கினார்கள். கையையோ தோலையோ அதில் காட்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே எச்சரித்தது. அதே ஆண்டு இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய யு.வி. அறைக் கிருமிநீக்கக் கோபுரம், இந்த ஆபத்தைத் தவிர்க்க, ஆள் உள்ளே வந்தால் தானே அணைந்துவிடும்.

ஆகவே பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். தீர்ந்த விளக்கில் பாதரசம் இருக்கிறது. குப்பைமேட்டில் வீசாமல், மாற்ற வரும் மெக்கானிக்கிடமே கொடுத்து அனுப்புங்கள்.