இரவுத் தாகமும் நீரிழிவும்



நீரிழிவு என்னும் பெயரிலேயே அந்நோயின் முதல் அறிகுறி அடங்கியிருக்கிறது. இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். தாழ்வு என்ற பொருளை மட்டுமே கொண்டு நோயின் பெயரைச் சொல்லவும் கூசுவோர் இன்றும் உளர், அக்கூச்சம் தேவையற்றது. குருதியில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்தால், சிறுநீரகத்தால் அதனைத் தடுத்து நிறுத்த இயலாது. வெளியேறும் சர்க்கரை நீரையும் உடன் இழுத்துச் செல்லும். அதனால்தான் அடங்காத் தாகம்.

சென்னை வெயிலில் தாகத்தை யார் ஐயுறுவர்? நீர்க்கடுப்பு வந்தால் சூடு என்பர். அரிப்பு வந்தால் வியர்வை என்பர். பார்வை மங்கினால் கண்ணாடியை மாற்றுவர்.

சமண இல்லங்களில் இந்நோய் மற்றொரு போர்வையும் போர்த்துக்கொள்கிறது. பொழுது சாயுமுன் உண்டு, இரவில் நீரும் பருகாமல் 40 ஆண்டுகள் விரதம் காத்த மூதாட்டி ஒருவருக்கு நள்ளிரவுத் தாகம் திடீரெனப் பொறுக்க முடியாததாகிறது என்று கொள்வோம். அவர் உடலை ஐயுறுவதில்லை. மனவுறுதி தளர்ந்ததோ என்று தம்மையே நொந்துகொள்கிறார். மகளிடமும் சொல்வதில்லை. சிறுநீர் கழிக்க மூன்று நான்கு முறை எழுவதை முதுமை என்கிறார். உடல் மெலிவதை நோன்பின் பயன் என்று உறவினர் புகழ்கின்றனர். விரதத்தில் குறையில்லை, குருதியைத்தான் பார்க்க வேண்டும்.

சிறுவர்க்கு வரும்போது காலம் மிகக் குறுகியது. படுக்கையை நனைப்பதை விட்டிருந்த குழந்தை மீண்டும் நனைக்கிறது, ஓயாது நீர் கேட்கிறது, இளைக்கிறது. பின்னர் வாந்தியும் வயிற்றுவலியும் வர, உண்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் எண்ணுகின்றனர். சோர்வு நீங்கக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பது தீங்கை மிகுவிக்கும். மூச்சு ஆழ்ந்து விரைந்து, அதில் பழவாடை வீசினால், அது வீசிங் அன்று. இன்சுலின் இன்மையால் குருதியில் அமிலம் பெருகிய நிலை. அந்நேரமே மருத்துவமனை சேர்க்க வேண்டும். விரல்நுனிக் குருதித் துளியைச் சோதிக்க ஒரு நிமிடமும் ஆகாது.

கோபாலபுரத்திலுள்ள சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்திய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என 2023-இல் தெரிவித்தது. தேனாம்பேட்டையினர்க்கு அது அடுத்த தெரு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டு வாசலுக்கே வருகிறது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுசோதனையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர்க்குத் தசலட்சண நாள்களில் நேர்மாறான இடர் உண்டு. கைந்நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல் ஆகியன பட்டினிச் சோர்வாகத் தோன்றும். உண்மையில் சர்க்கரை தாழ்ந்திருக்கும். நினைவுள்ளவர்க்கு உடனே சர்க்கரை நீர் தர வேண்டும். பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்த சமயம் இதனைத் தடுக்காது. நோன்பு ஏற்பதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளலாம். எந்த நோன்பைத் தவிர்ப்பது என்பதையும் அப்போதே கேட்டறியலாம்.