அத்தையைப் பார்க்க வரும் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டியவை

(ஜாசின் வட்டாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் இருக்கும் அண்ணன் பேரனை ஒரு தடவையாவது இங்கே வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு உண்டு. இது வெறும் சுற்றுலா விவகாரம் அல்ல. 1968-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் கட்டாயமாயிற்று. பெர்மிட் கிடைக்காத பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். அண்ணன் நாகப்பட்டினத்தில் இறங்கினார். தங்கை பால்மரக் காட்டிலேயே நின்றுவிட்டார்.

அப்படி நின்றவர்களில் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் தாய்மார்கள் இருக்கிறார்கள். மலேசியக் கடப்பிதழ் அவர்களுக்குக் கிடையாது. அத்தை எளிதில் போக முடியாது, ஆகவே பிள்ளைதான் வர வேண்டும்.

விசா பற்றி முதலில் சொல்கிறேன். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வந்து தங்க மலேசியா அனுமதித்தது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. டிக்கெட் எடுக்கும் முன் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சலுகை இல்லையென்றால் மின்-விசாவுக்கு மனு செய்ய வேண்டும்.

விசா தேவையில்லை என்பதால் கேள்வியும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். விமான நிலையத்தில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் பிள்ளையை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். அதனால் தாள்கள் சரியாக இருக்க வேண்டும். கடப்பிதழ் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பிப் போகும் டிக்கெட்டும் செலவுக்குப் பணமும் கையில் இருக்க வேண்டும். மின்னியல் வருகை அட்டையை வந்து சேரும் நாளுக்கு முந்திய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குக் காசு கேட்கும் ஏஜெண்டிடம் போகாதீர்கள்.

பத்தாம் வகுப்பு தேறாத பிள்ளையா? அவன் கடப்பிதழில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கலாம். அந்தப் பட்டியலில் மலேசியாவும் உண்டு. சுற்றிப் பார்க்க வருவதற்கு அது தடையல்ல. ஆனால் சென்னையிலேயே அவனைக் கூடுதலாக விசாரிப்பார்கள். பயப்படாமல் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்.

அழைப்புக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் பெயர், தொலைபேசி எண், பிள்ளை என்ன உறவு, எந்தத் தேதி வந்து எந்தத் தேதி போகிறான், இவ்வளவு போதும். அடையாள அட்டையின் நகலை இணையுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டு நீங்கள் தாமானுக்கோ மலிவு விலை அடுக்குமாடிக்கோ வந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அட்டையில் மட்டும் பழைய தோட்ட முகவரி நிற்கும். முதலில் தேசியப் பதிவுத் துறைக்குப் போய் அதை மாற்றுங்கள். கடிதம் ஒன்றும் அட்டை ஒன்றும் சொன்னால் பிள்ளைதான் முழிப்பான். அவன் இறங்கும் நேரத்தில் உங்கள் கைப்பேசி திறந்திருக்கட்டும்.

இப்போது மனம் நோகும் ஒரு விஷயம். "விசிட்டில் வரட்டும், சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துத் தருகிறேன்" என்று சொல்ல ஊருக்கு ஒருவர் இருப்பார். உறவினரே சொன்னாலும் கேட்காதீர்கள். அனுமதிக் காலத்தை மீறித் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தெரிந்தே அவனுக்கு அடைக்கலம் கொடுத்தவரையும் சட்டம் விடாது. கடப்பிதழைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போய் நிற்பான்? பெர்மிட் இல்லை என்று தாத்தாவை அனுப்பினார்கள். பேரனும் அதே பெர்மிட் இல்லாமல் பிடிபட நாம் காரணமாக இருக்கலாமா?

ஆகவே 30 நாள் என்றால் 30 நாளுக்குள் அனுப்பி வையுங்கள். சன்னாசிமலைக்குக் கூட்டிப்போங்கள். தாத்தா பால் வெட்டிய நிரை எங்கே இருந்தது என்று காட்டுங்கள். அவன் ஒழுங்காக வந்து ஒழுங்காகத் திரும்பினால் அடுத்த பிள்ளைக்கும் வழி திறந்திருக்கும்.

அவன் போன பிறகு நமக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அத்தையின் பிறப்புப் பத்திரம், பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, பள்ளிப் பதிவு எதுவானாலும் தேடி எடுங்கள். அவருடைய குடியுரிமை மனுவைக் கையில் எடுப்போம். பேரன் வரும்வரை காத்திருக்காமல், அத்தையே கடப்பிதழோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நாம் கேட்பது அந்த உரிமையைத்தான்.