காத்திருப்புப் பட்டியலில் இரண்டாம் நம்பர்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. வாரக் கூட்டத்துல தீர்மான நோட்டு வாசிக்கிறதோட சரி. ஆனா பள்ளிக்கூடச் சேர்க்கை பத்தி யாராவது பேசணும்னு அக்கா சொன்னப்ப, நான் பேசுறேன்னு கை தூக்கினேன். ஏன்னா அதுல தோத்தவ நான். ஜெயிச்சவங்க சொல்றதைவிடத் தோத்தவ சொல்றது உங்களுக்கு உதவும்.

எனக்கு ஒரே மக. கொரோனா ஊரடங்குல, 2020 செப்டம்பர்ல பிறந்தவ. நானும் அவங்க அப்பாவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவங்க. நம்ம பிள்ளை டை கட்டிட்டு வேன்ல போகணும்னு ஆசை. ஆசைப்பட்டது தப்புன்னு இன்னைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. 2009ல போட்ட சட்டம். அதன்படி, சிறுபான்மையினர் நடத்துற பள்ளிகளைத் தவிர மத்த தனியார் பள்ளிகள்ல, நுழைவு வகுப்புல நூத்துக்கு 25 இடம் நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒதுக்கணும். எட்டாம் வகுப்பு வரைக்கும் கட்டணத்தை அரசாங்கம் பள்ளிக்குக் கொடுத்துடும். வீட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பள்ளி இருக்கணும். எல்.கே.ஜி.னா ஜூலை 31ல பிள்ளைக்கு மூணு வயசு முடிஞ்சிருக்கணும். சாதிச் சான்றிதழ் வச்சு விண்ணப்பிக்கலாம். இல்லைனா, வருஷ வருமானம் 2 லட்சத்துக்குக் கீழேன்னு வருமானச் சான்றிதழ் வச்சும் விண்ணப்பிக்கலாம். இடத்தைவிட விண்ணப்பம் கூடினா குலுக்கல். ஆதரவற்ற பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகள் மாதிரி சில பேருக்குக் குலுக்கல் இல்லாம முன்னுரிமை உண்டு.

2024ல ஏப்ரல் 22ல இருந்து மே 20 வரைக்கும் விண்ணப்பம் வாங்கினாங்க. நான் இ-சேவை மையத்துல போய்ப் பதிஞ்சேன். என் எதிர்வீட்டு மதினியும் அவங்க பையனுக்குப் பதிஞ்சாங்க. அவங்களும் எங்க குழுதான்.

குலுக்கல் அன்னைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டுப் போனோம். பத்து இடம், இருபத்து மூணு விண்ணப்பம். சீட்டைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னாங்க. பத்து பேர் வாசிச்சு முடிச்சாங்க. எங்க ரெண்டு பேர் பிள்ளையும் இல்லை. அப்புறம் காத்திருப்புப் பட்டியல் எடுத்தாங்க. என் மக இரண்டு. மதினி மகன் மூணு. "யாராவது சேரலைனா வரிசைப்படி போன் பண்ணுவோம்"னு சொன்னாங்க. வர்ற வழியில நானும் மதினியும் சர்பத் குடிச்சோம். இரண்டாம் நம்பர்னா கிடைச்ச மாதிரிதான்னு அவங்களே எனக்குத் தைரியம் சொன்னாங்க.

ஜூன் பிறந்துச்சு. அங்கன்வாடிக்குப் போயிட்டு இருந்தவளை நான் நிறுத்திட்டேன். எப்படியும் கூப்பிடுவாங்கன்னு ஒரு நினைப்பு. அவ தினமும் வாசல்ல உட்கார்ந்து, போற வேனுக்கெல்லாம் கை காட்டுவா. மூணாவது வாரம் எதிர்வீட்டுல இருந்து மதினி மகன் யூனிபார்ம் போட்டுட்டு வெளிய வர்றான்.

எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. இரண்டை விட்டுட்டு மூணைக் கூப்பிட்டிருக்காங்க, காசு கொடுத்திருப்பாங்கன்னு நானே முடிவு பண்ணினேன். பள்ளிக்கூடத்துல போய்ச் சத்தம் போட்டேன். அங்க இருந்த அம்மா நோட்டை எடுத்துக் காட்டினாங்க. மூணு நாள், நாலு தடவை கூப்பிட்டிருக்காங்க. நான் எழுதிக் கொடுத்தது எங்க வீட்டுக்காரர் நம்பர். அந்த மாசம் ரீசார்ஜ் பண்ணலை. இன்கமிங் கட்டாகிக் கிடந்திருக்கு.

யார் மேல கோபப்பட? எனக்கு மதினி மேலதான் கோபம் வந்துச்சு. நியாயமே இல்லை, ஆனா வந்துச்சு. வாரக் கூட்டத்துல அவங்க முகத்தைப் பார்க்காமலே சந்தா வாங்கினேன்.

ஒரு மாசம் கழிச்சு அவங்க உள்கடன் கேட்டாங்க. 11,500 ரூபாய். கடன் நோக்கம்னு இருக்கிற இடத்துல 'பள்ளிப் புத்தகம், யூனிபார்ம், வேன்'னு எழுதணும். இலவசம்னு நம்பிப் போனவங்களுக்கு அந்தத் தொகை. ஊக்குநர் நான்தான் கையெழுத்துப் போடணும். பேனாவைப் பிடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 'சேமிப்பு குறைவா இருக்கு, அடுத்த மாசம் பார்ப்போம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டாங்க. நோட்டுல மத்தவங்க கையெழுத்தைப் பார்த்தேன். என் மாமியார் ஆபரேஷனுக்கு எனக்குக் கடன் கொடுத்தப்ப, அதுல முதல் கையெழுத்து மதினியோடது. போட்டுட்டேன்.

கூட்டம் முடிஞ்சு அவங்க பின்னாடியே வந்தாங்க. "போன் வந்தப்ப உனக்கு முன்னாடியே கூப்பிட்டிருப்பாங்க, நீதான் வேண்டாம்னுட்டேன்னு நினைச்சேன் தாயி. ஒரு வார்த்தை உன்கிட்ட கேட்டிருக்கணும்"னாங்க. நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எதிரெதிர் வாசல், பத்தடி தூரம். ரெண்டு பேரும் கேட்கலை.

என் மகளை மறுபடியும் அங்கன்வாடியில விட்டேன். இப்போ ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில ஒண்ணாம் வகுப்பு சேர்க்கப் போறேன். முன்னாடி அந்தப் பள்ளிக்குள்ள காலே வச்சதில்லை. போய்ப் பார்த்தேன். காலை உணவு போடுறாங்க. டீச்சர் என் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. கழிப்பறைக்குத் தண்ணி சரியா வரலை, அதையும் பார்த்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவுல பெற்றோர்தான் அதிகம் இருக்கணும்னு விதி. அதுல சேர்ந்து அந்தத் தண்ணியைக் கேட்கப் போறேன்.

நம்ம கூட்டமைப்புக்கு நான் வைக்கிற வேண்டுகோள் இதுதான்.

ஒவ்வொரு குழுவும் ஜனவரி மாசமே மூணு வயசு ஆகப் போற பிள்ளைகளைப் பட்டியல் எடுக்கணும். பிறப்புச் சான்றிதழ்ல பிள்ளை பேர் பதிஞ்சிருக்கான்னு பாருங்க. நிறையப் பேருக்குப் பேரே இல்லாத சான்றிதழ்தான் இருக்கு. சாதி, வருமானச் சான்றிதழைக் கடைசி வாரத்துல தேடாதீங்க.

போன் நம்பர் எப்பவும் வேலை செய்யற நம்பரா இருக்கட்டும். வாரம் ஒரு தடவை பள்ளிக்கு நேர்ல போய் அறிவிப்புப் பலகையைப் பாருங்க. ஒரே பள்ளியில ரெண்டு பேர் காத்திருந்தா ரெண்டு பேரும் பேசிக்கோங்க.

காசு கேட்டா எதுக்கு, எவ்வளவுன்னு ரசீது வாங்குங்க. இடம் கொடுக்க நன்கொடை கேட்கிறதும், பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிறதும் சட்டப்படி குத்தம். மாவட்டக் கல்வி அலுவலகத்துல எழுதிக் கொடுக்கலாம். ஒருத்தியா போனா உட்காரக்கூடச் சொல்ல மாட்டாங்க. குழுவா போங்க.

கடைசியா ஒண்ணு. 2025ல மத்திய அரசு நிதி வராத பிரச்சினையால இந்தச் சேர்க்கை அக்டோபர்லதான் ஆரம்பிச்சது. அதுவரைக்கும் பிள்ளையை வீட்டுல வச்சிருந்தா யாருக்கு நஷ்டம்? விண்ணப்பம் போடுங்க, காத்திருங்க. ஆனா காத்திருக்க வேண்டியது நாம. பிள்ளை அதுவரைக்கும் ஏதாவது ஒரு வகுப்புல உட்கார்ந்து படிச்சிட்டு இருக்கட்டும்.

மதினி கடன்ல இன்னும் ரெண்டு தவணைதான் பாக்கி. சாயங்காலம் அவங்க மகனும் என் மகளும் ஒரே திண்ணையில உட்கார்ந்துதான் எழுதுறாங்க.